ஊருக்கு வெளியே ஒரு சாலை

பாய்,

செம்பட்டி சாலை பிரியும் இடத்தில் இன்று காலை புறவழிச்சாலையின் இரண்டாம் பகுதிக்குத் தார் போட்டார்கள். அந்தச் சூடான வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. இருந்திருந்தால் வேலைக்காரர்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றிருப்பீர்கள்.

உங்களை முதலில் பார்த்தது ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில்; நெடுஞ்சாலைப் பொறியாளராக நான் நடத்திய முதல் கூட்டம் அது. ஊருக்குள் நெரிசலைக் குறைக்க வெளியே ஒரு சாலை என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "வண்டியெல்லாம் வெளிய போயிட்டா நாங்க எங்கிட்டுப் போறது?" அப்போது பின்வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். பழனி பேருந்துகள் போகும் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். அந்தக் கூட்டத்தில் அதிகம் இழக்கப்போகிறவரும் நீங்கள்தான்.

"எனக்கு நட்டந்தான். அத மறைக்கல. ஆனா என் கடை முன்னால மாட்டிக்கிட்டு நிக்கிற பஸ்ஸுல சனங்க மூஞ்சியப் பாருங்க. ஒருத்தரும் சாப்புட எறங்கலப்பா. வீட்டுக்குப் போகணும்னு தவிக்கிறாக. அந்தப் பொண்ணு சொல்றதச் செத்த நேரம் கேளுங்க."

கேட்டார்கள்.

திட்டம் மேலே போய், நிதி இல்லையென்று திரும்பி வந்தது. சோர்ந்துபோய் உங்கள் கடையில் உட்கார்ந்தேன். முதலில் பாதிச் சாலைக்கு மட்டும் கேட்கலாம், ஆனால் ஊர் ஒப்புக்கொள்ளாது என்றேன். "ஊர நான் பாத்துக்கறேன், நீங்க எழுதுங்கம்மா" என்றீர்கள். அன்று கத்திய கடைக்காரர்களையே கூட்டிக்கொண்டு போய் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தீர்கள். முதல் பகுதிக்குப் பணம் வந்தது.

சாலை திறந்ததும் உங்கள் வியாபாரம் குறைந்தது. இரண்டு புரோட்டாக் கல்லில் ஒன்றை அணைத்துவிட்டீர்கள். உங்களை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. நீங்களோ சிரித்தீர்கள். "இப்பத்தாம்மா ரோட்டத் தாண்டி நேரத்துக்குத் தொழுகைக்குப் போறேன்."

இரண்டாம் பகுதிக்கு நிதி ஆணை வந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் மகளிடம்தான் போய்ச் சொன்னேன். "அத்தா கடைசி வரைக்கும் ரோட்டப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றாள்.

போன வாரம் எரியோட்டுப் பக்கம் வேறொரு சாலைக்காக, நிலம் கொடுக்க வேண்டியவர்களைப் பார்க்கப் போனேன். வரப்போகும் நன்மைகளைச் சொல்லித் தொடங்கவில்லை. எந்தக் கிணறு போகும், எவருடைய முருங்கைத் தோட்டம் இரண்டாகும் என்பதை முதலில் சொன்னேன். உங்களிடம் கற்றது. பிறகு ஒரு பெரியவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காந்து பேசுங்கம்மா."

உட்கார்ந்தேன், பாய்.