தம்பி அடையாளம் கண்ட கத்தி

பிப்ரவரி 27, செவ்வாய்

பழுதுக்கு இன்று ஒன்பது மூக்குக்கண்ணாடிகள். அதில் நான்கு, மேலே உட்கார்ந்து உடைத்தவை. நான்கு பேரும் சொன்னது ஒன்றுதான்: "தானா உடைஞ்சிடுச்சு." கண்ணாடி தானாகப் போய் நாற்காலியில் படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

எதிர்ச்சாரி தையல் கடைக்காரம்மா மறுபடியும் ஒரு திருகாணி கேட்டு வந்தார். பிரேமின் கையும் முன்பக்கமும் சேரும் கீலில் போடுவோமே, எறும்புத் தலை அளவு, அது. மாமியார் கண்ணாடிக்காம். இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது. அந்த மாமியார் திருகாணியைத் தின்கிறாரா என்ன?

தம்பி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை கத்திக் கண்காட்சிக்கு நான் வந்தே தீர வேண்டுமாம். கத்தி சேகரிப்போர் சங்கத்துக்கு அவன் செயலாளர். அவன் பேசுவதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அவன் மனைவி உஷாராக அம்மா வீட்டுக்குப் போகிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

போனேன். பெரிய கூடம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், மேசைக்கு மேசை கத்திகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தம்பி அதன் ஜாதகத்தைச் சொன்னான். எனக்குக் கால் வலி.

கடைசி மேசை தாடிக்காரருடையது. கத்தி வியாபாரி. அவர் மேசையில் தனியாக, ஒரு வெல்வெட் துண்டின் மேல், என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி. பெயர் இல்லை, விலை இல்லை. பக்கத்தில் ஓர் அட்டை: "சோதனை மாதிரி. விற்பனைக்கு அல்ல. செய்தது யார்? கண்டுபிடியுங்கள்."

ஒரே கூட்டம். ஆளாளுக்கு எடுத்துத் திறந்து மூடினார்கள். அலகு குட்டை, முனை மழுங்கல். மீன் சுத்தம் பண்ண என்றார் ஒருவர். தோல் சீவ என்றார் இன்னொருவர். கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் முளை வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கத்தில் இருந்தது. "டிசைன்ல கோளாறு" என்று நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். தேன் நிறத்தில் பழுப்புத் திட்டுகள் ஓடும் கைப்பிடி. அதில் பொடியாக ஓர் எண்: 140.

"நூத்தி நாப்பதாவது மாதிரி! ஒரே பொருளுக்கு நூத்தி நாப்பது தடவை முயற்சி பண்றவர் உலகத்துலயே ஒருத்தர்தான்" என்று சொல்லி, என் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சொன்னான் தம்பி. கூட்டம் "ஆ" என்றது.

என் முறை வந்தது. வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றினேன்.

140 என்பது மில்லிமீட்டர். மூக்குக்கண்ணாடிக் கையின் நீளம். எல்லா பிரேமிலும் கையின் உட்பக்கம் அச்சடித்திருக்கும். கைப்பிடி என்று அத்தனை பேரும் தடவிக்கொண்டிருந்தது ஒரு பழைய பிரேமின் அகலமான கையை. அலகைப் பிடித்திருந்தது எங்கள் கீல் திருகாணி.

"அக்கா, உனக்கு என்ன தோணுது?" என்று தம்பி கேட்டான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எனக்கு என்னடா தெரியும். அழகா இருக்கு" என்றேன்.

மார்ச் 4, திங்கள்

உடைந்த பிரேம்களைக் கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இன்று கிளறிப் பார்த்தேன். தேன்நிறப் பிரேம் ஒன்று, ஒரு கை இல்லாமல். மிச்சமிருந்த கையில் அதே திட்டுகள், அதே அச்சு.

ஆக, என் கடைக் குப்பைதான் வெல்வெட்டில் உட்கார்ந்திருக்கிறது.

திருகாணி வாங்குபவர், கண்ணாடி போடாதவர், குப்பையைக் கிளற வசதியாக எதிரிலேயே இருப்பவர். யோசிக்கவே வேண்டாம். ஆனாலும் நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டாமா?

மார்ச் 6, புதன்

ஒரு குற்றமும் இல்லாத என் நீல ரவிக்கையை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன்.

"கையைப் பிரிச்சு மறுபடி தைக்கணும்."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"இறுக்கிப் பிடிக்குது."

இறுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பிளேடை எடுத்தார், இடது கையில். துணியை வலது கை இழுத்துப் பிடிக்க, ஒவ்வொரு தையலாகப் பட் பட்டென்று அறுந்தது. முனை மழுங்கல் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. துணியில் குத்தாமல் நூலுக்கு அடியில் நுழையத்தான். துணியைப் பிடித்த கையை எடுக்காமலே திறக்க வேண்டும், அதனால்தான் இடது கட்டைவிரலுக்கு முளை. கோளாறாவது ஒன்றாவது!

"மாமியார் கண்ணாடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். காது சிவந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவ்வளவு சுவாரசியமான ரகசியம் எனக்கு இந்த வயதில் வேறு எங்கே கிடைக்கப் போகிறது?

மார்ச் 9, சனி

தம்பி மூன்று முறை போன். கைப்பிடி அழிந்துபோன ஏதோ விலங்கின் கொம்பாக இருக்கலாமாம். "அப்படியா!" என்றேன். சங்கத்தின் மாத இதழில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதுகிறானாம். "எழுதுடா, எழுது" என்றேன். போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கி, "என்ன?" என்றார். அவரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. அட்டையில் என் குப்பை, வண்ணத்தில். உள்ளே தம்பியின் கட்டுரை. "சந்தேகத்துக்கு இடமின்றி" என்ற சொல் ஏழு இடத்தில். எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 16, சனி

எழுதவே கை வரவில்லை.

கடை திறந்த கையோடு தையல்காரம்மா வந்தார். கையில் அந்த இதழ். திருகாணி கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது நான் செஞ்சது. சொன்னா நம்புவீங்களா?"

மூன்று மாதமாக, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, உடைந்த கத்தரிக்கோலின் அலகைத் தேய்த்துத் தேய்த்துச் செய்திருக்கிறார். விவரம் தெரிந்த நாலு பேர் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று தாடிக்காரர் இரவலாக வாங்கிப்போய் வைத்தாராம். திருப்பிக் கேட்டால், "வெளிநாட்டு மாஸ்டர் செஞ்சதுன்னு சங்கமே எழுதியாச்சு. உங்களோடதுன்னு என்ன ஆதாரம்?" என்கிறாராம். பெரிய சேகரிப்பாளர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"அதை எழுதினவன் என் தம்பி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "நீங்க செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரவிக்கை கொண்டு வந்தேனே... அன்னிலேருந்து."

விரல் விட்டு எண்ணினார். "பத்து நாளா? பத்து நாளா இங்க உக்காந்து சிரிச்சிட்டு இருந்தீங்களா?"

ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பியை நினைத்துத்தான் சிரித்தேன் என்று சொன்னால் எடுபடுமா? எழுந்து போய்விட்டார். இதழ் ஸ்டூலிலேயே கிடந்தது. ச்சே, என்ன ஜென்மம் நான்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டால்தானே! "உன் கடையில பிளாஸ்டிக் இருக்குன்னா ஒலகத்துல வேற பிளாஸ்டிக்கே இல்லையா? நாளைக்குக் கூட்டத்துல அதைப் பத்திதான் பேசப்போறேன். வந்து கேளு, தெளிவாயிடும்."

வருகிறேன்டா.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். "என் மேல கோவம் இருக்கட்டும். கத்தியை வாங்கிடலாம், வாங்க" என்றேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

சங்கத்தில் முப்பது பேர். தலைவர் ஒரு பல் மருத்துவர். முன் மேசையில் கத்தி, பக்கத்தில் தாடிக்காரர் காவல். தம்பி தொண்டையைச் செருமி, "சந்தேகத்துக்கு இடமின்றி" என்று ஆரம்பித்தான்.

எழுந்தேன். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றேன்.

கூட்டம் திரும்பியது. தம்பி, "அக்கா, உக்காரு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தலைவரிடம் கொடுத்தேன். "இந்தக் கைப்பிடியோட இன்னொரு பக்கத்தைக் கழட்டினா உள்ள என்ன எழுதியிருக்கும்னு இதுல இருக்கு. இல்லைன்னா நானே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"விலை மதிப்பில்லாத பொருள், கழட்டக் கூடாது!" என்றார் தாடிக்காரர்.

"நான் செஞ்சது. நான் சொல்றேன், கழட்டுங்க" என்றார் தையல்காரம்மா. அவர் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது.

என் பையில் எப்போதும் ஒரு கீல் திருப்புளி உண்டு. மூன்று திருகாணி, அரை நிமிடம். பல் மருத்துவர் கைவிளக்கை அடித்து, கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார். "அம்பத்திரெண்டு... ஒரு சின்ன சதுரம்... பதினெட்டு." பிறகு என் காகிதத்தைப் பிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணு அகலம் அம்பத்திரெண்டு, மூக்குப் பாலம் பதினெட்டு, கை நீளம் நூத்தி நாப்பது. இது மூக்குக்கண்ணாடி" என்றேன். உடைந்த பிரேமை மேசையில் வைத்தேன். மிச்சமிருந்த கையில் அதே மூன்று எண்கள்; காணாமல் போன கைதான் இரண்டாக வெட்டப்பட்டு, கைப்பிடியின் இரண்டு பக்கமாகியிருந்தது.

பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். தாடிக்காரர் மட்டும் விடவில்லை. "குப்பையை யாரு வேணா எடுத்திருக்கலாமே?"

தையல்காரம்மா முன்னால் வந்தார். கழற்றியதை மடமடவென்று பூட்டினார், கண்ணால் பார்க்காமலே. தம்பியிடம் போனார். வலது கையால் அவன் சட்டைப்பையை இழுத்துப் பிடித்தார். இடது கட்டைவிரல் அசைந்தது. க்ளிக். நான் ஐந்து எண்ணுவதற்குள் சட்டைப்பை முழுசாக அவர் கையில் இருந்தது. சட்டையில் ஒரு கீறல் இல்லை. கட்டுரைக் காகிதங்கள் தரையில்.

அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "நானே குடுத்திருப்பேன், கேட்டிருந்தா" என்றார் தாடிக்காரர், யாரிடம் என்றில்லாமல்.

தம்பி குனிந்து காகிதங்களைப் பொறுக்கினான். தண்ணீர் குடித்தான். மைக்கில், "நான் எழுதினது தப்பு. அடுத்த இதழ்ல திருத்தி எழுதறேன்" என்றான். நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரில் வரும்போது பை இல்லாத சட்டையோடு கேட்டான்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"சொல்லியிருக்கலாம்ல?"

ஒரே நாளில் இரண்டு பேரிடம் தலை குனிந்தேன்.

மார்ச் 21, வியாழன்

தையல்காரம்மாவைப் பார்த்துக் கை அசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

இன்றும் இல்லை. நீல ரவிக்கை மட்டும் வேறு ஆள் மூலம் வந்து சேர்ந்தது. ஒரு கை தைத்து, ஒரு கை தைக்காமல்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வந்தார்! இரண்டாவது கத்தி செய்கிறாராம், அலகு ஆடுகிறதாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன்: துளை பெரிது, வாஷர் தப்பு. உட்கார்ந்து எழுதிக்கொண்டார். போகும்போது, "அந்த இன்னொரு கையைக் கொண்டாங்க, தச்சுத் தர்றேன்" என்றார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தையல் கடையில் மூன்று மணி நேரம். நான் கீல் வேலை, அவர் அலகு. ஐந்து பேர் கத்தி கேட்டிருக்கிறார்கள், மூன்று பேர் தையல் வேலைக்காரர்கள்.

தம்பியும் வந்திருந்தான். போன வாரம் கத்தியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பழுதுக்கு வந்த ஒரு கோட்டின் கையைப் பிரித்தான். கோட்டின் இடது கையைத்தான் பிரிக்க வேண்டும். அவன் பிரித்தது வலது. "நீங்களே தச்சுக் குடுங்க" என்று அவர் ஊசியைக் கொடுத்துவிட்டார். அதற்காகத்தான் இன்று வந்தான்.

இருபது நிமிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஊசியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். நூல் வளைந்து வளைந்து போனது.

"அக்கா, எனக்குத் தெரியல. இது எப்படிக் கோக்கறது?"

நாற்பத்தாறு வருடத்தில் அவன் வாயில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, ஈரப்படுத்தி, நூலைப் பிடித்துக்கொண்டு ஊசியை நகர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவன் அதை இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான்.