இறைச்சி அவித்த தண்ணீர்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாமான் அலுமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். மத்தியானம் மகள் சயந்தினியும் மருமகன் றெமியும் பக்கத்து ஊர் சட்டனிலிருந்து வந்து சாப்பிட்டுப் போனார்கள். றெமிக்கு இங்கே வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. பிறகு? "இன்னும் முடிவெடுக்கேல்லை அம்மா" என்கிறாள். அமெரிக்காவில், லூசியானாவில் அவன் தாய் இருக்கிறாள், வீடு இருக்கிறது, வேலையும் கூப்பிடுகிறதாம். எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவளையும் கடலுக்கு அங்கால் அனுப்பிவிட்டு நானும் இவரும் இந்த வீட்டில் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பதா?

லண்டனில் உனக்கு என்னதான் குறை என்று றெமியைக் கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: பூடன். பண்டி இறைச்சியும் ஈரலும் சோறும் கலந்து குடலில் அடைத்த சொசேஜ். அவர்கள் ஊரில் பெற்றோல் ஷெட்டில்கூடச் சுடச்சுட விற்பார்களாம். காரில் சாய்ந்து நின்று, நுனியைக் கடித்து, உள்ளே இருப்பதை வாய்க்குள் பிதுக்கிச் சாப்பிடுவார்களாம். சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது.

இவ்வளவுதானா குறை? பள்ளிக்கூடக் குசினியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் நான். இதைச் செய்தால் நிற்பானா? நிற்பான். நிற்கவேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வெள்ளிதானே, வீட்டில் மரக்கறி மட்டும். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் இவர் வெள்ளி என்பதை மறந்து மட்டன் ரோல்ஸைக் கடித்ததற்கு இவரோடு ஒரு கிழமை நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்று சொல்கிறார்: "பண்டியை வெள்ளியிலை மட்டும் கொண்டு வராதையும்." நக்கல்.

நவம்பர் 15, சனி

எங்கள் மிட்சம் ட்ராம் தரிப்பிடத்துப் பக்கம் இறைச்சிக் கடை வைத்திருக்கும் கொட்வினிடம் பண்டித் தோள் இறைச்சியும் ஈரலும் குடலும் கேட்டேன். "மலர் அக்கா, நீங்களோ! கோயில் ஆக்களுக்குச் சொல்லமாட்டன்" என்று சிரித்தான். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் தொண்டு செய்கிற மனுசனின் மனைவி பண்டிக்குடல் வாங்கினால் சிரிக்கத்தானே செய்வான்.

வீட்டுச் சட்டியில் வேண்டாம் என்றுவிட்டார் இவர். புதுப் பானை ஒன்று வாங்கினேன். மீன் பொரிக்கிற பின்வளவு ஷெட்டில்தான் எல்லாம். செய்முறையை றெமியின் தாய் டார்லீன் போனில் சொன்னாள். என்னை "மிஸ் மலர்" என்கிறாள். இழுத்து இழுத்துக் கதைக்கிறாள். பாதி விளங்கியது.

நவம்பர் 16, ஞாயிறு

தோல்வி.

இறைச்சியையும் ஈரலையும் வெங்காயம், செலரி, கப்சிக்கத்தோடு அவித்தேன். அந்த வெடுக்குத் தண்ணீரை வெளிக் கானில் ஊற்றிவிட்டு அரைத்தேன். சோற்றைக் கஞ்சி வடித்து உதிரியாக எடுத்தேன். என் சோறு ஒன்றோடொன்று ஒட்டியதாகச் சரித்திரமே இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய குடலைத் தொடத்தான் முதலில் மனம் வரவில்லை. பிறகு புனல் வாயில் ஏற்றிப் பெருவிரலால் தள்ளித் தள்ளி அடைத்தேன். பார்க்க நல்ல வடிவு.

றெமி நுனியைக் கடித்துப் பிதுக்கினான். மணல் மாதிரிக் கொட்டியது, அவன் சேர்ட்டெல்லாம். நல்ல ருசி என்றான். பிறகு எழுந்து போய் ஒரு முள்ளுக்கரண்டி எடுத்து வந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். அந்த முள்ளுக்கரண்டியைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

டார்லீன் வேணுமெண்டுதான் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாள். தன் கைப்பக்குவம் இன்னொருத்திக்கு வந்துவிட்டால் மகன் ஏன் திரும்பி வரப்போகிறான்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா?

நவம்பர் 22, சனி

மனம் ஆறாமல் டார்லீனுக்கே எடுத்தேன். சண்டை பிடிக்கத்தான் எடுத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: இறைச்சி அவித்த தண்ணீர் எங்கே?

ஊற்றிவிட்டேன் என்றேன்.

கோபமில்லாமல், மிஸ் மலர், அதுதானே பூடன் என்றாள். அந்தத் தண்ணீரைச் சோற்றோடு குழைத்து, இது பிழைத்துவிட்டது என்று பயப்படும் அளவுக்குத் தளதளவென்று இருக்கவேண்டுமாம். சோறு பிறகு குடித்துவிடுமாம். முதல் நாளே சொன்னாளாம். சொல்லியிருப்பாள். பண்டி அவித்த தண்ணீரை எவள் வைத்திருப்பாள் என்று நான்தான் காதில் வாங்கவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

நான்கு ஞாயிறு பழகியதன் பலன். தண்ணீரை வைத்துக்கொண்டேன். சோற்றை வடிக்காமல் குழைய விட்டேன். வெங்காயத்தாள், பார்ஸ்லி, உறைப்புத்தூள் கணக்காகப் போட்டேன். எங்கள் கறித்தூள் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன். இறுக்கி அடைக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

நத்தார்க் காலையில் கோப்பியோடு சாப்பிடுவது அவர்கள் வழக்கமாம். றெமி கதிரையில் இருக்கவில்லை. பின்கதவில் சாய்ந்து நின்று கடித்தான். பிதுக்கினான். கண்ணை மூடிக்கொண்டான். முள்ளுக்கரண்டியைத் தேடவேயில்லை. இரண்டாவதையும் எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கித் தாய்க்கு போன் எடுத்தான். கண்ணைத் துடைத்ததை ஜன்னலால் கண்டேன்.

நானும் ஒன்று சாப்பிட்டேன். நல்லாய்த்தான் இருக்கிறது! இவர் தொடவில்லை. "உப்புக் காணுமோ?" என்று மட்டும் கேட்டார். போதும் என்றேன்.

இனி அவன் எங்கும் போகமாட்டான்.

ஜனவரி 3, சனி

டார்லீன் எடுத்தாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு, சயந்தினிக்கு மா அவித்து ஒரு சாப்பாடு பிடிக்குமாமே, தேங்காய்ப்பூ போட்டது, அதைச் சொல்லித் தாருங்கள் மிஸ் மலர், அவள் ஏப்ரலில் இங்கே வந்திறங்கும்போது மேசையில் இருக்கவேண்டும் என்றாள்.

ஏப்ரலில்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெத்த எனக்குத் தெரியாது.

நான் என்ன செய்தேன்? பிட்டுச் செய்முறை சொன்னேன். அரிசிமா, தண்ணீர், தேங்காய்ப்பூ என்றேன். மாவை வறுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கொதிதண்ணி என்றும் சொல்லவில்லை. அவிச்சுப் பார்க்கட்டும்!

ஜனவரி 4, ஞாயிறு

சயந்தினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதாள். "எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை அம்மா. அவன் முந்தி வாயே திறக்கேல்லை. நத்தாருக்கு உங்கடை பூடனைச் சாப்பிட்டாப் பிறகுதான், 'வீட்டை போவமா' எண்டு கேட்டவன். எனக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலேல்லை."

நானே சமைச்சு, நானே குடுத்து, நானே அனுப்பியிருக்கிறன். விசரி.

ஜனவரி 17, சனி

டார்லீன் படம் அனுப்பியிருக்கிறாள். கோப்பையில் களிமண் மாதிரி ஒரு கட்டி. கீழே எழுதியிருக்கிறாள்: பிழை என் கையில்தான் மிஸ் மலர், நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லைப் போல, இன்னொரு தரம் செய்து பார்க்கிறேன்.

சிரிப்பு வருமென்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலையில் கஸ்டர்ட் அடிப்பிடித்துவிட்டது. நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. இவருக்குச் சொன்னேன், பிட்டு விஷயத்தை. பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்: "அந்த மனுசியின்ரை மேசையிலைதான் நாளைக்கு உம்மடை பிள்ளை இருந்து சாப்பிடப்போகுது."

ஜனவரி 24, சனி

வீடியோவில் டார்லீனை அடுப்படியில் நிறுத்தி வைத்தேன். மாவை வாசம் வரும்வரை வறுக்கச் சொன்னேன். கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, உதிரி உதிரியாக வரவேண்டும் என்றேன். பூடனில் ஒட்டவேண்டும், பிட்டில் ஒட்டக்கூடாது என்றேன். சரியென்று தலையாட்டினாள். இதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சயந்தினிக்குப் பிட்டோடு கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தால்தான் இறங்கும். அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 10

போய்விட்டார்கள்.

விடிய எழும்பி, நேற்றுச் செய்த பூடனைச் சூடாக்கிப் பேப்பரில் சுற்றி எடுத்துப்போனேன். ஹீத்ரோ கார்ப்பார்க்கில் றெமி நின்றபடி இரண்டு சாப்பிட்டான். மிச்சத்தைக் கொண்டுபோக ஏலாது, இறைச்சியை அங்கே விடமாட்டார்கள் என்றான். வறுத்த மாப் பொட்டலம் சயந்தினியின் சூட்கேஸில் இருக்கிறது. "டார்லீனுக்கு முதல் தரம் நீ நிண்டு காட்டு" என்றேன். "ஓம் அம்மா" என்றாள்.

திரும்பும் வழியில் இவர் பெற்றோல் அடிக்க நிறுத்தினார். நானும் இறங்கினேன். கையில் இன்னும் இளஞ்சூடு மாறாத பொட்டலம். காரில் சாய்ந்து நின்று, நுனியைக் கடித்து, பிதுக்கிச் சாப்பிட்டேன். நல்ல பதம். எந்தக் குறையும் இல்லை. சாப்பிடச் சாப்பிடக் கண்ணால் நீர் ஓடியது. ஒன்று முடிய இன்னொன்று எடுத்தேன். இவர் காசு கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கை துடைக்கப் பேப்பர் எடுத்துத் தந்தார். "உப்புக் காணுமோ?" என்றார். காணும் என்றேன்.

இப்போது மேலே கிழமையை எழுதப் பார்த்தால், வெள்ளி.

அவருக்குத் தெரியும். அந்த ரோல்ஸுக்குப் பிறகு அவர் வெள்ளியை மறந்ததேயில்லை.