பெரிய எழுத்தில் இருந்த செய்தி

கிளியனூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் தமிழ்மணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இது என் கையெழுத்துதான் கண்ணு. முதியோர் வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன். ‘ழ’ போடும்போது மட்டும் பேனா எங்கோ போய்விடுகிறது. திண்டிவனத்தில் இப்போது போர்டு பார்த்து பஸ் ஏறுகிறேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை.

மழை பரவாயில்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து முடிந்தது.

அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அன்று வகுப்பில் சித்ரா டீச்சர் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ‘அரசு நிறுவன உயர் அதிகாரிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. திக்காமல் படித்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் குஷியில், “கவர்மெண்டு காசு மிச்சமாவட்டும், உக்காந்து திங்கிறவங்களுக்கு எதுக்கு அவ்ளோ சம்பளம்” என்று சொல்லி நானும் தட்டினேன். பக்கத்து வீட்டு சக்கரபாணி அதை செல்போனில் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டான்.

கீழே இருந்த பொடி எழுத்து எனக்கு அப்போது ஓடவில்லை. வீட்டுக்கு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் நீ பெரிய அதிகாரியாக இருக்கும் மின்சாரக் கம்பெனியின் பெயரும் இருந்தது. உன் அம்மா, “பொண்ணு சோத்துல மண்ணு வுழுது, நீ கை தட்டிக்கினு வந்து நிக்கிற” என்றாள்.

உத்தரவு சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அரசாங்கக் காசு மிச்சமானால் நல்லதுதான். ஆனால் நீ உட்கார்ந்து தின்கிறவள் இல்லை. தங்கை கல்யாணத்துக்குக்கூட வராமல், ஒடிசா புயலில் விழுந்த டவர்களை நிமிர்த்திக்கொண்டு நின்றவள். மல்லாட்டை ஆய ஆட்களைக் கூட்டி வந்து முன்னால் நிற்கிறவளுக்கு, கூலிக் கடலை அளந்தபின் மேலே ஒரு கை அள்ளிப் போடுவது நம் வழக்கம். வருஷா வருஷம் போடுகிறவன் நான்தான். அன்றைக்கு அது எனக்கு நினைவு வரவில்லை.

வேலையை விட்டுவிட்டுத் துபாய் கம்பெனிக்குப் போகப் போகிறாயாமே. சம்பளத்துக்காக என்றால் போய் வா. அப்பா கை தட்டியதற்காக என்றால் போகாதே.

என் நம்பர் வந்தால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மயிலம் முருகன் உன் கூடவே இருக்கட்டும். ஒரு பதில் போடு கண்ணு. பெரிய எழுத்தாக எழுத நேரம் இல்லையென்றால் பொடி எழுத்திலேயே எழுது. உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன்.

உன் அப்பா,
பச்சைமுத்து