பாறையில் உட்கார்ந்து பேசிய மதினிக்கு

மதினி,

மேசை மேல் உங்கள் மைக் கிடக்கிறது. தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். கிளிப் பிடிக்கவில்லை என்று நீங்கள் கட்டிவிட்ட மஞ்சள் நூல் அதில் அப்படியே இருக்கிறது. காலையில் மலைக்குப் போக அலமாரியிலிருந்து எடுத்தபோது, பச்சை ஏலக்காய் வாடையும் காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையும் கலந்து அந்த நூலிலிருந்து வந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. நூல் இன்னும் வாசனையை விடவில்லை. நானும் அதை அவிழ்க்கப் போவதில்லை.

இன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அண்ணன் சங்கதி. ஆனால் நான் எதையும் நேராகத் தொடங்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். "சுத்தி வளைக்காம சோலிக்கு வாத்தா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். இன்றும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக் காய்ச்சலில் என் இரண்டு காதும் போனபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் என் முன்னாலேயே ஏதேதோ பேசினார்கள். நீங்கள் மட்டும் ஒரு சிலேட்டை வாங்கி வந்து, "சாப்பிட்டியா?" என்று எழுதிக் காட்டினீர்கள். "இல்லை" என்றேன். உடனே போய்த் தோசை ஊற்றினீர்கள். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குப் புரிந்த ஒரே பேச்சு அதுதான்.

அப்புறம் மதுரையில் ஆபரேஷன். காதுக்கு உள்ளே ஒரு கருவி, வெளியே காதுக்குப் பின்னால் ஒன்று, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. முதலில் எல்லார் குரலும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. மாதங்கள் போகப் போக அந்தக் குலுக்கல் பேச்சாக மாறியது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினால் பிடித்துக்கொள்வேன். போன் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது அந்தப் போன்தானே மதினி. என் வீட்டுக்காரர் கண்டக்டர் வேலையில் ஊர் ஊராக ஓட, போடியில் அண்ணனின் ஏலக்காய்க் கடையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் நீங்கள், கீழே கடையில் நான். எத்தனை ஜீப்பு ஆள் வேண்டும், மேலே மழையா வெயிலா, என்ன காய் இறங்குகிறது என்று நீங்கள் சொல்ல, நான் கேட்டு ஏற்பாடு செய்ய, அப்படியே ஓடியது வியாபாரம். காது போனதும் அந்த இடத்தில் அண்ணன் வேறு ஓர் ஆளை உட்கார வைத்தார். நான் என் கடையிலேயே விருந்தாளி மாதிரி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் எனக்கு அடங்கவே இல்லை.

தோட்டத்தில் ஸ்டோருக்கு மேலே இருக்கும் பாறையில்தான் சிக்னல் வரும். அங்கே ஏறுகிற எவரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டு, போடி இருக்கிற திசைக்குத் திரும்பி, ஒரு கையை இடுப்பில் வைத்துக் கத்துவார்கள். கையில் போன் இல்லாவிட்டாலும் குரல் தானாக மலை இறங்கிவிடும் போல. நீங்கள் அதில் எல்லாரையும் மிஞ்சியவர். ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாக அங்கிருந்து எனக்குப் பேசினீர்களே, எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே கரகரப்பு. கேட்கவில்லை என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் இன்னும் கத்தினீர்கள். கரகரப்பு இன்னும் கூடியது. நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

மதுரையில் கருவியைச் சரிபார்க்கும் பெண், சத்தம் கூடினால் இந்தக் கருவியில் பேச்சு நசுங்கிப் போகும் என்றார். "கத்த வேணாம், வழக்கமாப் பேசுற மாதிரி பேசச் சொல்லுங்க" என்றார். கூட வந்திருந்த நீங்கள், "எங்க வழக்கமே கத்துறதுதானம்மா" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. பஸ்சில் திரும்பி வரும்போது வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

சில நாள் கழித்து ஒரு போன் வந்தது. "ரசத்துல உப்ப அள்ளிப் போட்டுட்டேன், உங்க அண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே." ஒவ்வொரு சொல்லும் கேட்டது மதினி. நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அதுகூடத் தெளிவாக. எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசினீர்கள் என்றேன். "முழங்கா வலிக்குதுன்னு பாறையில உக்காந்தேன். உக்காந்தா சத்தம் தன்னால எறங்கிருதுத்தா" என்றீர்கள்.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தீர்கள். முதலில் எனக்குத் தெரிந்த சங்கதிகளை மட்டும் பேசினீர்கள்: மழை, சாப்பாடு, ஜீப்பு. நான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் எங்கோ தாவுவீர்கள், பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணம், யாரோ ஒருத்தியின் புதுச் சேலை. புரியாமலே நான் "ஆங்... ஆங்..." என்று இழுத்தால் உடனே பிடித்துவிடுவீர்கள். "புரியலேன்னா புரியலேன்னு சொல்லு. சும்மா ஆமா போடாத." இப்போதும் வியாபாரிகளிடம் கூச்சப்படாமல், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கிறேன் என்றால் அது நீங்கள் வைத்த பழக்கம்.

போன் சத்தம் காதுக்கு வெளியே வராமல் நேராகக் கருவிக்குள்ளேயே போகும்படி என் வீட்டுக்காரர் இணைத்துக் கொடுத்ததும் உங்களுக்கு ஒரே குஷி. "உங்க அண்ணன் மண்டைக்குள்ள இத்தன வருசமா ஒரு வார்த்தை ஏறல. உன் மண்டைக்குள்ள நேரா போயிக் குடியேறிட்டேன் பாரு" என்றீர்கள்.

அதற்கடுத்து வந்ததுதான் இந்த மைக். ஜீப்பு இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் எனக்குக் கேட்காது. பேசுகிறவர் இதை மாட்டிக்கொண்டால் அவர் குரல் மட்டும் நேராக எனக்கு வந்துவிடும். நீங்கள் நூல் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள். போடியிலிருந்து தோட்டம் வரை, ஒவ்வொரு வளைவிலும் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தீர்கள். இறங்கியதும் மைக்கை மறந்து, ஸ்டோருக்குப் பின்னால் அண்ணனிடம் போய்விட்டீர்கள். நான் முற்றத்தில் நின்றிருந்தேன். உங்கள் குரல் பக்கத்திலும் அண்ணன் குரல் லேசாகவும் என் தலைக்குள் வந்தன.

"கடையில அந்த ஆளே இருக்கட்டும். இவ பாவம், இவளுக்கு எதுக்குப் போனு?"

"பாவம் கீவம்னு சொல்லாதீக. அவளுக்கு அது ஆகாது. நான் பேசுறது அவளுக்கு நல்லாக் கேக்குது. நீங்க பேசுறதுதான் கேக்கல. நீங்க எங்க பேசுறீக, வையுறீகள்ல."

திரும்பி வந்த உங்களிடம் மைக்கைக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். "ஒட்டுக் கேட்டியாக்கும்?"

"நீங்கதான் ஒலிபரப்புனீங்க."

"கேட்டா என்ன, எனக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கெடையாது" என்றீர்கள். அது உண்மைதான்.

கொஞ்ச நாளில் அந்த மழை வந்தது. அன்று காலை கடையில் அந்த ஆள் இன்னும் வரவில்லை. போனை நான் எடுத்தேன். "குரங்கணிக்கு மேல மரம் விழுந்து கெடக்கு. ஆளேத்துன ஜீப்ப குரங்கணியிலயே நிறுத்தச் சொல்லு." திருப்பிச் சொன்னேன். சரி என்றீர்கள். ஜீப்பு டிரைவருக்கு நானே போன் போட்டேன். "நெசமாத்தானா, சரியாக் கேட்டீகளா?" என்று அவர் இழுத்தார். "கேட்டுட்டுத்தான் சொல்றேன், நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். மறுநாள் அண்ணன் கடைப் போனை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். அன்று நான் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

நெஞ்சு வலி என்று உங்களை இறக்கிக்கொண்டு வந்த ஜீப்பிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். காரியம் முடிந்ததும் அண்ணன் மலைக்கு ஏறினார், அந்தப் பாறைக்கு மட்டும் ஏறவில்லை. சொல்ல வேண்டியதை ஜீப்பு டிரைவரிடம் சொல்லியனுப்பினார். அந்த டிரைவர் கீழே இறங்கினால்தான் எனக்குச் சேதி. என்னிடம் போனில் பேச அவருக்கு முடியவில்லையா, பேசினாலும் எனக்குக் கேட்காது என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. பழைய ஆளையே திரும்பக் கூப்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். போன் என் முன்னாலேயே இருந்தது, மலையிலிருந்து மட்டும் அடிக்கவே இல்லை.

இனிப் பொறுக்க முடியாது என்றுதான் இன்று காலை, கீழே வந்திருந்த அண்ணனோடு நானும் ஜீப்பில் ஏறினேன். உங்கள் மைக்கை அவர் சட்டையில் மாட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.  ரொம்ப தூரம் போய் ஒரு வளைவு வந்ததும், "இங்கனதான் உங்க மதினி வாந்தி எடுப்பா" என்றார். நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

இறங்கியதும் அவரும் மைக்கை மறந்து ஸ்டோருக்குப் பின்னால் போய்விட்டார். என் தலைக்குள் அவர் குரல் கேட்டது. "இந்தா பாரு, நீ வச்ச ஏலக் கன்னெல்லாம் பூச்சரம் விட்ருச்சு." வேலையாள் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆட்களெல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தார்கள். "உன் நாத்தனா வந்திருக்கா. அவகிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை மதினி. தலையிலிருந்த வட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, குளிக்கிற நேரம் தவிர, விழித்திருக்கும்போது நானாக அதைக் கழற்றியது இதுதான் முதல் தடவை. அது உங்கள் இருவரின் பேச்சு. நீங்களாக இருந்தால் கேட்டா என்ன என்பீர்கள். அண்ணன் அப்படி இல்லை. காய் பறிக்கிறவர்கள் வாயசைத்துச் சிரிப்பதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வந்தபோது வட்டு என் கையில் இருப்பதைப் பார்த்தார். பிறகு குனிந்து சட்டையிலிருந்த மைக்கைப் பார்த்தார். நான் வட்டை மாட்டிக்கொண்டேன். "கேட்டியா?" என்றார். "மொதல்ல கொஞ்சம். அப்புறம் கழட்டிட்டேன்." மஞ்சள் நூலை விரலால் தடவிவிட்டு, மைக்கை என்னிடம் கொடுத்தார்.  ஏன் போன் போடுவதில்லை என்று கேட்கத்தான் போயிருந்தேன், அதைக் கேட்காமலே கீழே இறங்கினேன்.

சாயங்காலம் கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் போன் அடித்தது. அண்ணன் பெயர். கரகரப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். தாழ்ந்த குரலில், நிதானமாக வந்தது பேச்சு. "ஆத்தா, மேல தூறல் போடுது. நாளைக்கு ஒரு ஜீப்பு ஆளு போதும்." திருப்பிச் சொன்னேன். சரி என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"எப்படிண்ணே இம்புட்டுத் தெளிவாக் கேக்குது?"

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"உக்காந்துதான் பேசுறேன். அவ உக்காருற எடத்துல."

என் மண்டைக்குள் குடியேறிவிட்டதாகச் சொன்னீர்களே மதினி, நீங்கள் இன்னும் காலி செய்யவில்லை. இப்போது அண்ணனையும் பக்கத்தில் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டீர்கள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கண்ணே, கேக்குது" என்றேன்.