ஹோகன் ‘நிறுத்து’ என்றான்

ஸ்ட்ரோம்சுண்ட்
மார்ச் 8, 2009

அன்பு மகள் உல்ரிகாவுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஏரி இன்னும் உறைந்து கிடக்கிறது, பனி ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது, நீ நட்டுவிட்டுப் போன ஆப்பிள் மரத்தின் பட்டையை மூஸ் மான் உரித்துத் தின்றுவிட்டது, பிழைக்குமா என்று மே மாதம்தான் தெரியும். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் ஹோகன் பேரை எடுத்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுகிறாய். உன் அண்ணன் போய் ஐந்து வருஷம் ஆகிறது, ஐந்து வருஷமாக உன் அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டேதான் இருக்கிறது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பார்வை போனபோது ஹோகன் அந்தக் கையடக்கப் பாட்டுப் பெட்டிக்குள் வேறு மென்பொருள் போட்டு அதைப் பேச வைத்தது உனக்கு நினைவிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இப்போது என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். அதில் வந்த மெஷின் குரலைக் கேட்டுவிட்டு அப்பா, “பல்வலிக்காரன் பேசுற மாதிரி இருக்குடா, எனக்கு வேண்டாம்” என்றார். உடனே உன் அண்ணன் குளிர்கோட்டு அலமாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பெட்டி சொல்ல வேண்டிய எழுநூறு சொற்களையும் தன் குரலிலேயே பேசிப் பதிவுசெய்தான். ஏரிப் பனி உடைந்து அவன் மூழ்கிப் போன பிறகும் அந்தக் குரல் இந்த வீட்டில் நின்றதே இல்லை. நான் பக்கத்தில் இருந்தால் அப்பா காதில் மாட்டிக்கொள்வார், எனக்குத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். போன அக்டோபரில் நீளமான புத்தகங்களைக் கேட்கும்போது பெட்டி நடுவில் உறைந்துபோக ஆரம்பித்தது. ஹோகனின் சிநேகிதன் நிக்லாஸ், அதே மென்பொருளை உலகம் முழுக்க இருக்கிறவர்களோடு சேர்ந்து சும்மா ஆசைக்குச் செய்கிறானே, அவன் சுண்ட்ஸ்வாலிலிருந்து செய்முறையை வரிவரியாக எழுதி அனுப்பினான். மூல நிரலை இறக்கு, ஹோகனின் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளையைத் தட்டு, இருபது நிமிஷம் காத்திரு என்று. அவன் அதைக் கட்டுவது என்பான், நான் சமைப்பது என்பேன். சமைத்தேன், வந்தது. கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தான்: ஒவ்வொரு முறை புதிதாகக் கட்டும்போதும் குரல் கோப்பையும் ஹோகனின் பதிவுகளிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும், பழையதைப் போடக் கூடாது. கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுகள் இருந்த கோப்புறையைத் திறக்க என் கை வரவில்லை, உல்ரிகா. பழைய குரலையே எடுத்துப் போட்டுவிட்டு நிக்லாஸிடம் எல்லாம் ஆயிற்று என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரியில் டாக்டர் அப்பாவின் இதயத்து வால்வை மாற்றியே ஆக வேண்டும், விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் நிச்சயமில்லை என்றார். ஏப்ரல் இரண்டாம் தேதி குறித்தார்கள். அப்பாவும் சரி என்றுதான் வந்தார். ஒரு வாரம் கழித்துக் காலைக் காபியின்போது, “மாய், நான் போகலை. ஹோகன் நிறுத்துங்கிறான்” என்றார். என்ன உளறல் ரூனே என்று அதட்டினேன். அவர் நிதானமாகப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து, காது இணைப்பைக் கழற்றிவிட்டு, “ஆபரேஷனுக்குப் போகட்டுமாடா?” என்று கேட்டு நடுப் பொத்தானை அழுத்தினார். ‘தொடர்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் பிள்ளை தெள்ளத் தெளிவாக ‘நிறுத்து’ என்றான். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் நிறுத்து. ஒரே பொத்தானை அழுத்தினால் ஒரே சொல்தான் வரும் என்பது எனக்குத் தெரியாததா, ஆனாலும் அது அவன் குரல். குளிர்காலம் வந்ததிலிருந்தே அவன் தன்னோடு பேசுகிறான் என்றார், இத்தனை நாள் பெட்டியாக இருந்தது இப்போதுதான் ஹோகனாக ஆகியிருக்கிறது என்றார். அன்றிலிருந்து யார் சொன்னாலும் ஒரே பதில்தான். ராத்திரியும் பகலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார், நான் அடுத்த அறையில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் நம்ப ஆரம்பித்தேன்.

போன செவ்வாய் நிக்லாஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கக்கினேன். அவன், “மாய்-பிரிட், பழைய குரலையே போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டான். புது மென்பொருளில் சொற்களின் பட்டியலுக்கு நடுவே யாரோ புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள், அதனால் அதற்குக் கீழே இருக்கிற ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளிப்போய், ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் பக்கத்துச் சொல்லைச் சொல்கிறது. அவ்வளவுதான். பேயுமில்லை, பிசாசுமில்லை, நான் செய்யாமல் விட்ட ஒரு வேலை. அன்று மத்தியானமே ஹோகனின் அறைக்குப் போய் உட்கார்ந்து அந்தக் கோப்புறையைத் திறந்தேன். கேட்காமலே கட்டலாம் என்றான் நிக்லாஸ், நான் கேட்டேன், எழுநூறையும் கேட்டேன். ஒன்றில் இருமுகிறான். ஒன்றில் ‘பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று ஆரம்பித்து நடுவில் நிற்கிறான், பின்னால் சமையலறையில் பாத்திரம் உருளுகிறது, “அம்மா, ரெண்டு நிமிஷம்” என்கிறான். அது நான் உருட்டிய பாத்திரம். நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், கறுப்புத் திரையில் வரிகள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

புதிதாகச் சேர்ந்த அந்த ஒரு சொல்லுக்கு அவன் குரல் இல்லை, அந்த இடத்தில் பெட்டி பேசாமல் இருக்கும், இருக்கட்டும். அப்பாவிடம் ஒளிக்கவில்லை, முழுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். நடுப் பொத்தானை அழுத்தினார். ‘தொடர்’ என்றான். ஒலியைக் கூட்டினார், கூட்டியதைச் சொன்னான். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப எல்லாம் சரியா சொல்றான். அப்போ அவன் போயிட்டான், இல்லையா மாய்?” என்றார். ஆமாம் என்றேன். சவ அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன் அன்றைக்கு அழுதார். மறுநாள் காலையில், பையில் கம்பளிக் காலுறையை மறக்காமல் வை, ஆஸ்பத்திரித் தரை குளிரும் என்றார். போகிறார்.

வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே, கடலில் தனியாக இறங்காதே. கடவுள் உன் வாசலைக் காக்கட்டும், உன் கைபட்டதெல்லாம் தழைக்கட்டும். ஏப்ரல் இரண்டை மறந்துவிடாதே. இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தப்பான குரலை நான் அழிக்கவில்லை, ஹோகன் தனக்கென்று வைத்திருந்த பழைய பாட்டுப் பெட்டியில் போட்டு என் தையல் கூடைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியாது. நேற்று அதை எடுத்து, உல்ரிகா வருவாளா என்று கேட்டு அழுத்தினேன். என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன். அது இடம் மாறிய சொல், நானே செய்த தப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லை. அது தப்பு என்று நீ வந்து காட்டு.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா
மாய்-பிரிட்