ஊற்ற மறந்த குழி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பேருந்தில் மணத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "மூட்டு வலியாம்மா?" என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இலை தழைகளை ஆவியில் வடித்து எண்ணெய் எடுத்து, மணல் ஈ கடித்து உடம்புக்குள் போகும் ஒட்டுண்ணியை அதைக்கொண்டு கொல்லப் பார்க்கிறேன் என்று விளக்குவதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிடும். தைலம் விற்பவள் என்று நினைத்துக்கொள்ளட்டும். விற்றிருந்தால் இதற்குள் முன்னேறியிருப்பேன்.

தம்பிக்கு இன்று வாந்தி நிற்கவில்லை. காட்டுக்குள் சாலை போட அளவெடுக்கப் போனவனை அதே ஈ கடித்திருக்கிறது. கன்னத்தில், மூக்கை ஒட்டி, குழிந்த புண். அக்கா ஆராயும் ஒட்டுண்ணி தம்பியையே தேடிப் பிடித்திருக்கிறது, என்ன ஒரு குடும்பப் பாசம். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறான். போட்டுவிட்டு வந்தால் வாந்தி, மூட்டு மூட்டாக வலி. பாதியில் விட்டால் புண் மூக்குக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கிண்டலாக எழுதுகிறேன். அவன் அறைப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டு எண்ணெய்களும் கொன்றுவிட்டன. பன்னிரண்டும்!

உள்ளங்கை அகலத் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். குழிக்குள் ஒட்டுண்ணிகள், அதன்மேல் வரிசைக்கு ஓர் எண்ணெய். நேற்று வைத்தேன், இன்று நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுகூட அசையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் விடாத ஒட்டுண்ணிகளைத் தனித் தட்டில் வைத்திருந்தேன். தப்பித்தவறி ஒரு சொட்டு அதில் சிந்திவிடக் கூடாதே. என் சுத்தபத்தம் அப்படி. அவை மட்டும் கும்மாளமாக நீந்திக்கொண்டிருந்தன.

அடுத்த மேசைக்காரரை ஆய்வகமே 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடும். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பன்னெண்டுமா? எங்கயோ இடிக்குதே" என்றார்.

"உங்களுக்கு எதுதான் சார் இடிக்கல?"

ராத்திரி சாப்பாட்டில் அடக்கமே இல்லாமல் அளந்தேன். தம்பி தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டான்: "அப்ப மருந்து கெடச்சிருச்சா அக்கா?"

"கெடச்ச மாதிரிதான்டா."

அந்த 'மாதிரி'யை நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

பரிசளிப்பு விழாவுக்கு எந்தப் புடவை? (யாரும் அழைக்கவில்லை. சும்மா.)

ஜூன் 10, செவ்வாய்

மறுபடியும் அதே சோதனை வைத்தேன். எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா போன். "தம்பி தெம்பா இருக்கான்டி. வாந்தியே இல்ல. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு குழிக்கு எண்ணெய் விட மறந்து மூடியைப் போட்டுவிட்டேன். போகட்டும், ஒரு குழிதானே.

ஜூன் 11, புதன்

ஊற்ற மறந்த குழியிலும் எல்லாம் செத்துக் கிடக்கின்றன.

எதுக்கு? ஒரு சொட்டுகூட விடலையே, எதுக்குச் செத்துத் தொலைச்சீங்க?

சந்தேகம் வந்து மூடியைத் தூக்கினார். கண் எரிந்து இரண்டு பேரும் பின்வாங்கினோம். ஏழாம் எண் எண்ணெயின் நெடி. அதன் ஆவி மூடிக்குள்ளேயே சுற்றி, தட்டு முழுவதையும் தீர்த்துக்கட்டியிருக்கிறது. மற்ற பதினொன்றும் வேடிக்கை பார்த்திருக்கலாம். தனித் தட்டில் இருந்தவை என் சுத்தபத்தத்தால் பிழைத்தன. பேருந்தில் பக்கத்து இருக்கை வரை போகும் எண்ணெய் பக்கத்துக் குழிக்குப் போகாதா? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பட்டங்கள் போதவில்லை. கவனமாக வேலை செய்திருந்தால் கடைசி வரை தெரிந்தே இருக்காது.

சந்தேகம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. அப்புறம்தான் சொல்கிறான், வெள்ளிக்கிழமையிலிருந்து ஊசி போடவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். "அதான் உன் எண்ணெய் வரப்போகுதேன்னு..."

தெம்பா இருக்கான். வாந்தியே இல்ல. ஐயோ, எனக்கு ஏன் தோணல?

"நாளைக்கே போடா."

"முடியாது. அந்த வலி உனக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் கொல்லுதுல்ல, அதையே தடவி விடு."

"அது எல்லாத்தையும் கொல்லும். தோலையும் சேத்து."

"போன வாரம் வேற சொன்ன. இன்னைக்கு வேற சொல்ற. எதத்தான் நம்புறது?"

என் பேச்சை நானே நம்ப மாட்டேன், அவன் எப்படி நம்புவான்?

ஜூன் 12, வியாழன்

ஏழாம் எண் எண்ணெயைச் சின்னப் புட்டியில் வீட்டுக்கு எடுத்து வந்தேன். விதிப்படி குற்றம். தம்பி எதிரில் உட்கார்ந்து, என் முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு விட்டுக் கட்டுப் போட்டேன். "காலைல பாத்துட்டு நீயே முடிவு பண்ணு" என்றேன், ஏதோ வீராங்கனை மாதிரி. பத்து நிமிஷத்தில் குளியலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். மகா வீரம்.

ஜூன் 13, வெள்ளி

கட்டைப் பிரித்தேன். கொப்புளம் உடைந்து சிவந்த சதை தெரிந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றான்.

டாக்டர் சத்தம் போட்டார். "யார் சொல்லி ஊசிய நிறுத்தினீங்க? மொதல்லேருந்து போடணும், தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி, "பேப்பர்ல ஏதோ படிச்சேன் டாக்டர்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஊசி ஏறும்போது என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். நொறுக்கிவிட்டான் என்றே சொல்லலாம்.

ஜூன் 24, செவ்வாய்

தம்பிக்கு மறுபடியும் வாந்தி. இன்று அம்மா என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புண் மூடிவிட்டது. மூக்கு தப்பியது. கன்னத்தில் வழவழப்பான ஒரு பள்ளம். என் கையிலும் ஒரு தழும்பு. அக்காவும் தம்பியும் ஜோடி சேர்ந்துவிட்டோம் என்கிறான்.

இப்போது ஒவ்வோர் எண்ணெய்க்கும் தனித் தட்டு, ஒவ்வொரு தட்டிலும் எண்ணெய் விடாத குழிகள். பதினோரு எண்ணெய்களில் ஒட்டுண்ணிகள் சௌக்கியமாக வாழ்கின்றன. ஏழாம் எண் எண்ணெயை நன்றாக நீர்க்கச் செய்து ஊற்றினோம். ஒட்டுண்ணிகள் சாகின்றன. மனிதத் தோல் செல்களில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கின்றன. சந்தேகம் மூன்று முறை எண்ணிப் பார்த்தார். "இடிக்குதா?" என்று கேட்டேன். "இன்னும் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

தம்பி நாளை வேலைக்குத் திரும்புகிறான். பெட்டியில் கொசுவலையையும் முழுக்கைச் சட்டைகளையும் அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா சட்டை மடித்தபடியே, "உன் எண்ணெய் என்னதான்டி ஆச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலம்மா."

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தெரியலைன்னு சொல்றாளா?" என்றான். "அப்ப இந்தத் தடவ நெஜமாவே ஏதோ இருக்கும்மா."