பொட்டு வைத்த கைவாள்

செப். 28, ஞாயிறு
மழை. இங்கே கோடை நேரம் தொடங்குது, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். அடுப்படி மணிக்கூடு உயரத்தில். அவர் இருந்தால் கை எட்டும். கதிரையில் ஏறித் தள்ளினேன்.

கராஜ் திறந்தேன், மாசியில் அவர் போன பிறகு முதல் தரம். பின்வாசல் படிக்கென்று அவர் அரிந்த பலகை அப்படியே. பாதி வரை வெட்டு. மரம் அரியும் வாளைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தவர்.

வாளில் கறள். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஷெஃபீல்ட் என்ற எழுத்துத் தெரிந்தது. நான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கும் ஒரே இங்கிலீசுச் சொல்.

செப். 29, திங்கள்
மகள் துஷா ஃபோன். "அம்மா, அப்பான்ரை வாளை வாங்க ஒராள் வாறார். ஐ ஆல்ரெடி செட் யெஸ்." அவளுடைய ஒஃபீஸ் ஆள், ரகு, தமிழ்நாடு. கராஜைப் பார்த்துப் பார்த்து நான் அழுவேனாம். என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

பால், அவல் வாங்க வேணும்.

செப். 30, செவ்வாய்
ரகு வந்தார். வாளைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனது.

"அக்கா, இதைச் செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. ஷெஃபீல்ட் ஊர்ல பாதிப் பட்டறை இப்ப ஃபிளாட். இனிமே இது வராது."

"ஓம், அவரும் சொல்லுவார். தகட்டைத் தட்டித் தட்டி நேராக்கின ஆக்களாம். இப்ப கடையில இருக்கிறது மழுங்கினா எறியிற வாள். அரம் போட்டுத் தீட்ட ஏலாது."

"ஐயோ, துடைச்சிட்டீங்களா? பழைய துரு அப்படியே இருந்தாத்தான் மதிப்பு. பிடியில என்ன செவப்பு?"

"குங்குமம். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அவர் வைச்சது."

எதை அரியப் போகிறீர்கள் என்று கேட்டேன். அரியமாட்டாராம். லைட் போட்டுச் சுவரில் மாட்டுவாராம்.

"சுவரில மாட்ட எனக்கு அவரின்ரை படம் ஒண்டு போதும், தம்பி."

பாவம், முழித்தார். "துஷா குடுக்கிறதா சொன்னாங்களே…"

"நாளைக்குப் பூசையில வைக்கிறன். வைச்சதை ஒருத்தரும் தொடக்கூடாது. வியாழன் வாங்கோ."

ஒக். 1, புதன்
வாளுக்கும் அரத்துக்கும் சந்தனம், குங்குமம். கடலைக்கு உப்புக் கூடிப்போச்சு.

மங்கரேயிலிருந்து மச்சாள் ஃபோன், அவருடைய தங்கச்சி: "அண்ணைக்கு இன்னும் வருசம் திரும்பேல்லை, என்ன பூசை? நீங்கள் குங்குமம் தொடலாமோ?"

"எனக்கில்லை மச்சாள், வாளுக்கு."

ஃபோனை வைத்துவிட்டா.

கம்பெனி செத்ததாம், அவரும் செத்தாராம், அதனால் வாளும் சாக வேணுமாம். யார் போட்ட சட்டம்?

ஒக். 2, வியாழன்
வெயில். காற்று. விஜயதசமி. பூசையில் வைத்ததை எடுத்து இன்றைக்குத் தொழில் தொடங்க வேண்டும். அவர் ஒரு வருசமும் விட்டதில்லை, ஒரு சின்னத் துண்டாவது அரிவார்.

பின்னேரமும் நல்ல வெளிச்சம். பலகையை இறுக்கி, அவருடைய வெட்டுக்குள்ளேயே வாளை வைத்தேன். சிக்கியது. இழுத்தேன், தள்ளினேன். பிறகு ஓடியது.

"அக்கா, பல்லு போயிடும்!" ரகு. பின்னால் துஷா.

"போனா அரம் இருக்கு."

"அம்மா, ஸ்டொப்!"

"அழுறனோ? வடிவாப் பார். நிண்டு கத்தாமல் அந்த நுனியைப் பிடி, பிளந்துபோகும்."

பிடித்தாள். துண்டு விழுந்தது. அவள்தான் அழுதாள்.

ரகுவுக்கு அவல் கட்டிக் கொடுத்தேன். வாள் பழைய ஆணியில். அவர் அரிந்த பாதி நேர், என்னுடைய பாதி கோணல். அப்படியே பின்வாசலில் படியாக ஆணி அறைந்தாச்சு. அதில் குந்தி இருந்துதான் இதை எழுதுகிறேன். ஆடவில்லை.